பாரைத் தலை

வெள்ளவத்தைத் தியேட்டரில் பிற்பகல் காட்சி ஓடுகிறது. வலையில் சிக்கிய ஒரேயொரு பெரிய பாரை மீனுக்காகத் திரையில் ஒரு மீன்பிடிக் கிராமமே அடிபடுகிறது. தலை தனக்குத்தானென்று படகுக்காரர் மீன்மேல் ஏறிக் குந்தியிருக்கிறார். வாலைப் பிடித்தபடி மாப்பிள்ளை வீட்டார் சீதனம் பேசுகிறார்கள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஜெகதீஸ்வரி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் கணவர் நாகேந்திரத்தின் ஒட்டிய கன்னத்தில் அந்தக் கடலின் நீல வெளிச்சம் அலைவதையே பார்த்திருக்கிறாள். அவர் மடியில் கடலைச் சரை பிரிக்காமலே கிடக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து சோற்று மணமே அவருக்குக் குமட்டல். கஞ்சியைக்கூட அவளுக்காகத்தான் விழுங்குகிறார். இப்போது அவர் தொண்டைக்குழி மெல்ல ஏறி இறங்குகிறது. “இஞ்சேர், அந்தத் தலையைப் புளி விட்டுக் காய்ச்சினா எப்பிடி இருக்கும்? முழுத் தலையும் எனக்குத்தான், சொல்லிப்போட்டன்” என்கிறார். சொன்ன பிறகுதான் அவள் நெற்றித் திருநீறு கண்ணில் படுகிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறார். “ஐயோ, இண்டைக்கு வெள்ளியெல்லே.” கலியாணமான நாள் முதல், வெள்ளிக்கிழமையில் மீன் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கவிடாதவள் அவள். திரையில் படகுக்காரர் மீனோடு வழுக்கிக் கடலுக்குள் விழுகிறார். தியேட்டர் அதிரச் சிரிப்பு எழுகிறது. கன்னத்தில் வழிவதைத் துடைக்காமலே அவள் அவருடைய மெலிந்த கையைப் பிடிக்கிறாள். “இந்தப் பேராசையைத்தானப்பா காலமை பிள்ளையாரிட்டைக் கேட்டனான். எழும்புங்கோ, மார்க்கெட் பூட்ட முதல் போவம்.”