கோழி நடை

மூன்றாவது நாளும், கார் நின்ற கையோடு லியோன்தான் முதலில் இறங்கினார்.

"நீர் காருக்கையே இரும். நான் ஒருக்காப் பாதை கேட்டுக்கொண்டு வாறன்."

பாதையாம் பாதை! எதிரே மணற்காட்டு மணல்மேடு மதில் மாதிரி நிற்கிறது. ஏறினால் மேலே, இறங்கினால் கீழே. இதில் என்ன பாதை வேண்டிக் கிடக்கிறது? றெஜினா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முகத்தைச் சுளித்தாள்.

இந்தப் பயணம் முழுக்க அவளுடைய யோசனை. சோளகக் காற்றில் கடல் குழம்பிக் கிடந்ததால், அவர்களுடைய ஊரான குருநகரில் படகுகள் கரையேறிவிட்டன. மகள் தன் சின்னக் காரை மூன்று நாளுக்குத் தந்திருந்தாள். கடலில் எந்த இருட்டிலும் வழி பிடிக்கிற லியோனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்த றெஜினாவுக்குத் தெரியும். நாளுக்கு ஓரிடம். காலையில் கார் ஓட்டம், பிறகு நடை, பின்னேரம் கடல் குளிப்பு. மத்தியானத்துக்குப் புட்டும் பொரித்த மீனும்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். புருசனும் பெண்சாதியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும்.

எங்கே நடந்தது? சாட்டிக் கடற்கரையில் மனுசன் முன்னே, அவள் பின்னே. காரைநகர்ச் சவுக்கு மரங்களுக்கு நடுவிலும் அதே கூத்து. எட்டிப் பிடித்து அவள் பக்கத்தில் வந்தால், அவர் அவசர அவசரமாக முன்னே போய்விடுவார். அதுவும் என்ன நடை! ஆறடி ஆளுக்குக் கோழி நடை. நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் குட்டிக் குட்டியாக எட்டு வைப்பார். போனில் நாற்பத்து மூன்று படம். நாற்பத்து மூன்றிலும் அவருடைய பிடரி.

"அப்பாவுக்கு முகம் இல்லையோ?" என்று மகள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்.

இன்றைக்கும் முன்னால் ஓடினால் நான் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், நீங்கள் பஸ்ஸில் வாருங்கள் என்று காலையிலேயே றெஜினா சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. கோயிலுக்கும் சந்தைக்கும் கலியாண வீட்டுக்கும் இருபத்தெட்டு வருசமாக ஒரு முதுகின் பின்னால் போய் அவளுக்கு அலுத்துவிட்டது. என்னோடு சேர்ந்து நடக்க இந்த மனுசனுக்கு வெட்கமோ என்று நினைத்து அழுததும் உண்டு.

புழுக்கம் தாங்காமல் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

கவிழ்த்த படகின் நிழலில் ஒருவர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். லியோன் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். காற்று இருவர் பேச்சையும் அப்படியே தூக்கிவந்து காருக்குள் போட்டது.

"தம்பி, உந்த மணலுக்கை மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சோ?"

"என்ன அண்ணை, எந்த உலகத்திலை இருக்கிறியள்? எங்கடை பிள்ளையள் ஒவ்வொரு நாளும் உதிலை ஏறிச் சறுக்கி விளையாடுதுகள்."

"முழுக்க எடுத்தாச்சோ? என்ரை மனுசியும் வாறா. அதுதான் கேக்கிறன்."

மூன்று நாளும் இந்த மனுசன் விசாரித்தது இதைத்தானா?

சாட்டியில் ஐஸ்கிறீம்காரர். காரைநகரில் இளநீர் விற்ற பெண். மேப் போட்டுத் தந்தும் நம்பாமல் ஊரெல்லாம் விசாரிக்கிறாரே என்று அவள் திட்டிய திட்டு கொஞ்சமா?

கலியாணம் கட்டிய வருசம் நினைவுக்கு வந்தது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி, இடிந்து கிடந்த வீட்டைப் பார்க்கப் பற்றைக் காட்டுக்குள்ளால் போனார்கள். "நான் கால் வைச்ச இடத்திலை மட்டும் காலை வையும்" என்று அன்றைக்கு ஒரு தரம் சொன்னார். பிறகு சொல்லவே இல்லை. வீடு எழும்பியது, பிள்ளை பிறந்தாள், தார் றோட்டு வந்தது. அவள் அதைச் சுத்தமாக மறந்துபோனாள். மனுசன் மறக்கவில்லை. அவளுடைய கால் எட்டுகிற அளவுக்குத்தான் இத்தனை வருசமும் எட்டு வைத்திருக்கிறார்.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, பொல்லாத கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுசன்!

கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். கால்வரை நீண்ட சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டை நோக்கி ஓடினாள்.

"றெஜினா! நில்லும்! நில்லும் எண்டு சொல்லுறன்!"

நிற்பாளா?

"இனி நான்தான் முன்னுக்கு! நான் வைச்ச இடத்திலை காலை வைச்சு வாருங்கோ!" என்று திரும்பாமலே கத்தினாள். வலைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை.

லியோன் அவளுக்குப் பக்கத்தில் நின்றார், யாருடைய காலடித் தடமும் இல்லாத மணலில். முகமெல்லாம் வியர்வை. தன் காலையே நம்பாதவர் மாதிரிக் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். றெஜினா அந்த முகத்தைப் படம் எடுத்தாள். அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

லியோன் வலது காலைத் தூக்கி, ஆறடி ஆளுக்கு உரிய ஒரு முழு எட்டு வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் பெரிதாக ஒன்று.

"இஞ்சருங்கோ, மெல்ல நடவுங்கோவன்!" என்று இழுபட்டுக்கொண்டே கத்தினாள் றெஜினா.

இருபத்தெட்டு வருசத்தில் அவள் அதைச் சொல்ல நேர்ந்தது அதுதான் முதல் தடவை.