நந்தியின் இடது காது

உலகத்திலேயே ரகசியம் காக்கத் தெரியாத ஒரே மாடு எங்கள் துறைமுகச் சிவன் கோவில் நந்திதான் என்பது குணாளனின் ஆராய்ச்சி முடிவு. அதன் வலது காதில் வேண்டுதலைச் சொல்லும்போது, சொன்னது வெளியே போய்விடாதபடி இடது காதைப் பொத்த வேண்டும். நந்தியோ லாரி அகலம், ஒரே ஆளுக்குக் கை எட்டாது. அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்குப் பிழைக்கத் தனியாகக் கப்பலேறி வந்தவர்கள், பக்கத்தில் நின்ற யாரையாவது கூப்பிட்டுப் பொத்தச் சொன்னார்களாம்.

"உள்ள முழுக்கக் கல்லு லா. எந்த வழியா வெளிய போகும்?" என்று பொதுநலன் கருதி எல்லோரிடமும் கேட்டுவந்தான் குணாளன்.

அன்று காட்டுத்தீயின் புகை கடல் தாண்டி வந்து ஊரை மூடியிருந்தது. கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை; கறுத்த நந்தி மட்டும் வெண்மையில் மிதந்தது. குணாளனின் அம்மாவை ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் அவன் தங்கை மாலினி நேராக இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே அவனும்.

"அம்மாதான் எப்பவும் அந்தப் பக்கம் நிப்பாங்க," என்றாள். "நீ வேணாம்ணே. நீ சிரிப்ப."

"சிரிக்கத்தான் வந்தேன்."

அவள் வலது காதில் வாயை வைத்து, எட்டாத கையை நந்தியின் நெற்றிமேல் நீட்டியபடி பேச ஆரம்பித்தாள். அண்ணன் நின்ற இடத்தில் இப்போது புகைதான் நின்றது.

சொல்லி முடித்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். குணாளன் இரண்டு உள்ளங்கைகளாலும் கல் காதை அழுத்திப் பொத்திக்கொண்டு நின்றான்.

"முடிஞ்சிருச்சுணே. கைய எடு."

அவன் விரல் இடுக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.