சத்தம் முழுங்கும் தக்கை

பஞ்சுவுக்கு மானமே போய்விட்டது. தூங்குகிறவர்களின் கட்டிலைச் சுற்றி நடந்து, பீரோவைத் துடைத்து, வாசலில் படுத்திருக்கும் நாயையும் தாண்டிக்கொண்டு வெளியே வருகிறவன் அவன். அந்தச் சத்தமில்லாத நடைக்காகவே தொழில் வட்டாரத்தில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டில் நடந்தால் சத்தம் கேட்கிறதாம்!

புகாரோடு மாடியேறி வந்தவர் கீழ்வீட்டு டீச்சரம்மா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. நீ நடந்தா என் தலைமேலயே நடக்கற மாதிரி இருக்கு. அதுவும் அந்த ஜன்னல் மூலையில தினமும் பலகையப் பேத்து என்னத்ததான் உருட்டற?"

பஞ்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூலையில்தான், தரையின் மரப்பலகைக்கும் கீழ்வீட்டு உட்கூரைப் பலகைக்கும் நடுவில், நகைக்கடையிலிருந்து கிளப்பி வந்த மொத்தச் சரக்கும் ஒரு துணிப்பையில் கிடந்தது. போலீஸ்காரர்கள் ஒருமுறை வந்து பீரோ, பரண், மாவு டப்பா எல்லாவற்றையும் குடைந்துவிட்டு, அதே பலகைமேல் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பரபரப்பு அடங்கும்வரை விற்க முடியாது. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறும் இறங்காது.

"பழைய வீடு டீச்சரம்மா. எலியா இருக்கும்."

"எலின்னா ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடறேன். கார்ப்பென்டர கூட்டிட்டு வந்து பலகையப் பிரிச்சுப் பாக்கட்டும்."

"ஐயோ, அவருக்கு எதுக்கு வீண் சிரமம்! இது மேலயே நான் என் செலவுல புதுசா கட்டைத் தரை போட்டுடறேன். சத்தம் கேக்காத மாதிரி அடியில ஏதோ விரிக்கறாங்களாமே, அதையும் போட்டுடறேன்."

"விரிக்கறது நீ, கேக்கப்போறது என் காது. கடைக்கு நானும் வரேன்."

கடைக்காரர் மூன்று துண்டுகளை மேஜைமேல் போட்டார்.

"எவ்வளவு ஒசத்திக் கட்டை போட்டாலும் அடியில ஒண்ணும் விரிக்கலன்னா வீடே மேளம்தான் சார். இந்த அண்டர்லேதான் சத்தத்த முழுங்கும். ஃபோம் விலை கம்மி, ஆனா சீக்கிரம் அமுங்கிடும். ரப்பர் நல்லா அடக்கும், கொஞ்ச நாள் வாடை அடிக்கும். தக்கைதான் ராஜா."

சோதித்துப் பார்க்கவென்றே கடையில் ஒரு மேடை இருந்தது. மேலே கட்டைத் தரை, அடியில் ஒரு சின்ன அறை. டீச்சரம்மா குடையும் கையுமாக அந்த அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"குதி தம்பி!"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பஞ்சு தரை அதிரக் குதித்தான். தொழில்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கூச்சமாக இருந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார். ஃபோமுக்கு டீச்சரம்மா முகத்தைச் சுளித்தார். ரப்பருக்கு உதட்டைப் பிதுக்கினார். மெல்லிய தக்கையையும் வேண்டாம் என்றார். கடைசியில், இருப்பதிலேயே தடித்த தக்கையின்மேல் பஞ்சு மூச்சு வாங்கக் குதித்துக்கொண்டிருந்தபோது, அவர் கோபமாக வெளியே வந்தார்.

"போதும் போதும்னு குடைக்காம்பால மேல தட்டிட்டே இருக்கேன், நீ பாட்டுக்குக் குதிக்கற! காதுலயே விழலையா?"

"சத்தியமா ஒண்ணுமே விழல டீச்சரம்மா."

டீச்சரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதையே போட்டுடு."

விலையைக் கேட்டதும் பஞ்சுவுக்கு வயிறு எரிந்தது. பகல் கொள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கினான். ஓனர் வந்து பலகையைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கார்ப்பென்டர் பழைய பலகைமேல் தக்கையை விரித்து, அதன்மேல் புதுக் கட்டைகளை அடுக்கினார். ஒயர் போக வேண்டும் என்று புளுகி, ஜன்னல் மூலையில் மட்டும் கழற்றிப் போடுகிற மாதிரி பஞ்சு வழி வைத்துக்கொண்டான். இனி சரக்கை விற்கிற நாள்வரை அந்த மூலைப்பக்கமே போகக் கூடாது என்று தனக்குத்தானே கறாராகச் சொல்லிக்கொண்டான். கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

டீச்சரம்மா ஒருநாள் படியில் பார்த்து, "மேல ஆள் இருக்கறதே தெரியலப்பா. நீ நல்லா இருக்கணும்!" என்று வாயார வாழ்த்தினார். பஞ்சுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு கணக்கு டீச்சரையே ஏமாற்றிவிட்டோமே! பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய குட்டுக்கெல்லாம் பழி தீர்த்த மாதிரி இருந்தது.

ஒருவழியாகப் பரபரப்பு அடங்கியது. திருட்டு நகையை வாங்கி உருக்குகிற ஆள் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார்.

"மெதுவாப் பேசு. கீழ யாரோ இருக்காங்கன்னு சொன்னியே?"

"இருக்கு ஒரு அம்மா. பாம்புக் காது! ஆனா பயப்படாதீங்கண்ணே, நாம டான்ஸே ஆடினாலும் கேக்காது," என்று பஞ்சு தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டினான்.

மூலைக் கட்டையைக் கழற்றினான். தக்கையை ஒதுக்கினான். அடியிலிருந்த பழைய பலகையைத் தூக்கினான்.

பையைக் காணோம். பை இருந்த இடத்தையே காணோம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அறுத்த மாதிரி பளிச்சென்று ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக டீச்சரம்மாவின் அறை தெரிந்தது. கட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை, டீச்சரம்மாவும் இல்லை. நட்டநடுவில் ஓர் ஏணி மட்டும் நின்றது.

"அடப்பாவி! கீழேந்து இவ்வளவு பெரிய ஓட்டை போட்டிருக்காங்க. உனக்குக் கேக்கவே இல்லையாடா?"

மேலே குதிப்பதைக் கீழே கேட்கவிடாத தக்கை, கீழே ரம்பம் போட்டதையும் மேலே கேட்கவிடாமல், கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்திருந்தது.