பூச்சியத்தில் ஒரு பூ

"கோடு பூச்சியத்தைத் தொடுற இடத்தில ஒரு பூ வரைஞ்சு விடு, இத்ரூஸ். பதக்கம் குடுக்க வாற தோட்டத்துத் துரைக்குத் தூரத்தில இருந்தே தெரியவேணும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

இத்ரூஸ் சிவப்பு மையில் தூரிகையைத் தோய்த்தான். ஐந்து இதழ் வரைந்தான். ஒன்று கோணலாகிவிட்டது.

பதுளையில் அவன் படித்த ஹைஸ்கூலில் அன்று பரிசளிப்பு விழா. மண்டபத்துச் சுவரில் தொங்கியது அவன் வரைந்த படம்தான். அடியில் ஆறு சனிக்கிழமைகள். பக்கவாட்டில் காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கை. பத்தொன்பது, பதினாறு, பதினொன்று, ஏழு, மூன்று, பூச்சியம். கோடு படிக்கட்டு மாதிரி இறங்கித் தரையைத் தொட்டிருந்தது.

போன ஐப்பசியில் விஷக் காய்ச்சல் மலைக்கு வந்தபோது, ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளில் கடைசி லயத்துக்கு மருந்து கொண்டுபோகும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவர்கள் ஏற்றார்கள். சனிக்கிழமைதோறும் போத்தல்களைச் சுமந்து ஏறினார்கள். லயத்துக்குள் போக மட்டும் அனுமதியில்லை. தொற்றிக்கொள்ளும் என்று தோட்டத்துத் துரை தடை போட்டிருந்தார். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தோடு நின்றுவிட வேண்டும். கங்காணி ரெங்கசாமி வந்து போத்தல்களை வாங்கிக்கொள்வார்.

"இன்னைக்கு எத்தனை பேருக்குக் காய்ச்சல், கங்காணி?" என்று இத்ரூஸ் கேட்பான்.

"காலைப் பெரட்டுல காய்ச்சல்னு எழுதுனது ஏழு பேருங்க, தம்பி."

அதை நோட்டில் குறித்துக்கொண்டு இறங்குவான். அவ்வளவுதான். ஒரு நோயாளியின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

கடைசிச் சனிக்கிழமை, "யாரும் இல்லீங்க" என்று கங்காணி சொன்னதும் மற்ற மாணவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து கத்தினார்கள். இத்ரூஸ் லயத்தைப் பார்த்தான். ஒரு கூரையிலும் புகை இல்லை. எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் அன்றிலிருந்து, சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கூரைதான் கண்முன் வந்து நின்றது.

"வாப்பா, எனக்கு இந்தப் பதக்கம் வேணாம்" என்றான் விழா தொடங்குமுன் தகப்பனிடம்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த மொஹிதீன் தொப்பியைச் சரி செய்துகொண்டே திரும்பினார். "வேணாமா? இந்தப் பதக்கம் கெடைச்சாத்தான் கொழும்புக்கு டாக்டர் படிப்புக்குக் கடிதம் குடுப்பேன்னு ஒங்க ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கார். பஜாரே கடையடைச்சிட்டு வந்து உக்காந்திருக்கு, மகன்."

"நான் போத்தல் சுமந்தேன். வேற என்ன செஞ்சேன்? குணமான ஒரு ஆளையாவது கண்ணால பார்க்கணும் வாப்பா. அப்பதான் கை நீட்டுவேன்."

"அதுக்குத்தானே கங்காணிக்குச் சொல்லி அனுப்பினே? வருவாங்க. உம்மா கிண்டின தொதலத் திங்கவாவது வருவாங்க."

காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள் எல்லாரையும் அனுப்பும்படி இத்ரூஸ் சொல்லியனுப்பியிருந்தான். அவர்களுக்காக முன்வரிசையில் மூன்று பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவற்றின் மேல் வாழையிலையில் மடித்த பத்தொன்பது பொட்டலம் தொதல், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு.

விழா தொடங்கியது. பாட்டு. ஆங்கிலப் பேச்சு. கணக்கில் முதல் பரிசு. கிரிக்கெட் கோப்பை. ஒவ்வொரு கைதட்டலுக்கும் இத்ரூஸ் வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை.

"டேய் டாக்டர்" என்று பின்னாலிருந்து வகுப்புத் தோழன் ஜௌபர் கிசுகிசுத்தான். "ஒன் மருந்தக் குடிச்ச கோவம் இன்னும் தீரலடா அவங்களுக்கு. அந்தத் தொதல எனக்குத் தந்துரு."

மேடையில் ஹெட்மாஸ்டரின் குரல் உயர்ந்தது. "பத்தொன்பது பேர்! ஆறே சனிக்கிழமையில பூச்சியம்! இதுதான் எங்கட பிள்ளைகளின்ர தொண்டு. இத்ரூஸ், வா மேடைக்கு!"

இத்ரூஸ் எழுந்தான். வாசலைப் பார்த்தபடியே நின்றான். துரை பதக்கத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மழையில் நனைந்த கம்பளி. முடியெல்லாம் கொட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவங்கள வரச் சொன்னாங்களாமே. இங்கதானுங்களா?"

இத்ரூஸ் ஓடினான். "இங்கதான்! வாங்கம்மா, வாங்க. எந்த லயம் நீங்க?"

"கடைசி லயந்தாங்க. பேரு வேலாயி."

மண்டபமே எழுந்து கைதட்டியது. மொஹிதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு இத்ரூஸுக்கு மூச்சு சீராக வந்தது. அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்பெஞ்சில் உட்காரவைத்தான்.

வேலாயி பொட்டலங்களைப் பார்த்தாள். "இம்புட்டும் யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான். பத்தொன்பது பேருக்கும். மத்தவங்க பின்னால வர்றாங்களா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "கங்காணி ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவர்தானே கிழமைக்குக் கிழமை கணக்குச் சொன்னார்! குறைஞ்சுக்கிட்டே வந்துச்சே!"

"அவரு பெரட்டுப் புஸ்தகத்துல இருக்க பேரத்தானே தம்பி சொல்லுவாரு? செத்தவங்க பேர அன்னிக்கே கோடு போட்டு அடிச்சிருவாங்க" என்றாள் வேலாயி. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. "எந்திரிச்சவங்க எல்லாரும் வந்தாச்சுங்க. நான் ஒருத்திதான்."