முந்நூறு இலக்கப் பூட்டு

இறந்தவர்கள் பேசும் பெட்டி தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் இருந்தது. பக்கத்து வீட்டில், செத்துப்போனவர் இன்னும் மீன்குழம்பில் புளி குறைவென்று மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் வீட்டுப் பெட்டி மட்டும் பூட்டிக் கிடந்தது. கணவர் அமிர்தராஜ் அதற்கு முந்நூறு இலக்க எண் ஒன்றைப் பூட்டாகப் போட்டிருந்தார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வருமோ, அவற்றைச் சொன்னால் திறக்கும். ஒன்று என்ற எண் செல்லாது. அந்த இரண்டு எண்களையும் ரோஸ்லினிடம் சொல்வதற்குள் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

வருஷக்கணக்காக ஓர் இயந்திரம் அந்த எண்ணை வகுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நினைவுநாளிலும் பூசை முடிந்து வந்ததும் ரோஸ்லின் அதனிடம் கேட்பாள்: "கெடச்சுதா?"

இந்த முறை இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த பெண் வேறொரு சோதனை செய்தாள். பூட்டென்றால் சாவி இருக்கும் என்று நம்பியதால் யாரும் செய்யாத சோதனை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, இது பகா எண்ணு. ஒண்ணையும் தன்னையும் விட்டா எதாலயும் வகுபடாது. இந்தப் பூட்டுக்குச் சாவியே கெடையாது. இத யாரும் தெரியாம போட மாட்டாவ. தேடிப் பிடிச்சுதான் போட்டிருக்காவ."

ரோஸ்லின் இயந்திரத்தை அணைத்தாள். பக்கத்து வீட்டில் புளிக்கான திட்டு ஓயவில்லை.

"சொல்ல நேரமில்லாம போயிட்டாவன்னுதான் இத்தன வருஷமும் அழுதேன்" என்றாள்.