பத்து எண்ணும் வரை

டோக்கனை நீட்டிய குமாஸ்தா, குழந்தையின் கை எட்டுவதற்குள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்ன வேணும்?” என்றார்.

மூன்று வயதுப் பெண் குழந்தை. அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிப் பிரிவின் கவுண்ட்டரைப் பிடித்தபடி, எக்கி நின்று அவரையே பார்த்தது. பக்கத்தில் நின்ற அம்மாவும் பேசவில்லை.

குமாஸ்தாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. திட்டுகிறார் போலிருந்தது.

“பேச வரலைன்னுதானே கூட்டிட்டு வர்றாங்க. அதுகிட்டயே கேள்வி கேக்கறாரு பாரு” என்றது வரிசையில் ஒரு குரல்.

“அந்தப் பக்கம் நாற்காலி கிடைச்சாலே கொம்பு முளைச்சிடும்” என்றது இன்னொன்று.

வரிசையில் நின்ற, கண்ணாடி போட்ட ஒருவருக்குப் பொறுக்கவில்லை. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வரிசையை விட்டு வந்தார். குமாஸ்தாவின் விரல்களிலிருந்து டோக்கனைப் பிடுங்கிக் குழந்தையின் கையில் வைத்தார்.

“வச்சுக்கோ கண்ணு. இவங்க கிடக்கறாங்க.”

லேசாகத் திறந்திருந்த குழந்தையின் வாய் மூடிக்கொண்டது.

குமாஸ்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆறு வரைக்கும் எண்ணிட்டேன் சார்.”

“என்னத்தை?”

அம்மாதான் பதில் சொன்னாள். “தப்பா நினைக்காதீங்கண்ணா. உள்ளே பயிற்சி தர்ற மேடம் சொன்னதுதான். கேக்கறதுக்கு முன்னாடியே கையில கொடுத்துட்டா இவ எதுக்குப் பேசணும்? பத்து எண்ணிக் காத்திருங்க, அப்பவும் வரலைன்னா நீங்களே அந்த வார்த்தையைச் சொல்லிட்டுப் பொருளைக் கொடுங்கன்னாங்க. இப்படிப் பழக்கி நிறையப் பிள்ளைங்களுக்குப் பேச்சு வந்திருக்காம்.”

“அதை உள்ளே செய்யக் கூடாதா?”

“அவங்க ஒருத்தர்தாண்ணா. வாரத்துக்கு அரை மணி நேரம்தான் கிடைக்குது. அதான் வாட்ச்மேன், மருந்து தர்றவர், இந்த சார், எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. ஆறு வாரத்துல இன்னிக்குத்தான் வாயைத் திறந்தா.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

குழந்தை கையிலிருந்த டோக்கனைப் பார்த்தது. பிறகு எக்கி, அதை மறுபடி குமாஸ்தாவின் முன்னால் வைத்தது.

அவர் அதை எடுத்து உயர்த்திப் பிடித்தார். “என்ன வேணும்?”

“‘தா’ன்னு சொல்லும்மா...” பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள்.

கண்ணாடிக்காரர் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

வரிசையில் ஒவ்வொரு உதடாகச் சத்தமில்லாமல் அசைய ஆரம்பித்தது.

ஏழுக்கு மேல் யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை.