குரலில்லாத பாட்டு

முப்பது வருஷமாக 'இடி' என்ற பெயரில் ராப் பாடிவருபவருக்கு, ஆரம்பத்திலிருந்தே மேடையில் பின்னணித் தாளம் ஓட்டிவரும் டீஜே மீது சந்தேகம் வந்துவிட்டது.

"ஆளு சரியில்ல. போன் பண்ணினா எடுக்கறதில்ல, மெசேஜ்தான் அனுப்பறான். எந்தப் புதுப் பாட்டை அனுப்பினாலும் 'பிரமாதம்'னு ஒரே வார்த்தை. வேற எவனோ பாடகனோட கூட்டு சேர்ந்துட்டான்" என்று மனைவியிடம் பொருமினார்.

"வாயைத் திறந்து அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

இடி கேட்கவில்லை, பொறி வைத்தார். குரலே இல்லாத வெறும் தாளத்தைப் புதுப் பாட்டு என்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: "பிரமாதம் மச்சான்! குரல் கணீர்னு இருக்கு!"

இடிக்கு ரத்தம் கொதித்தது. அன்று மாலை கச்சேரிக்கு முன் ஒத்திகை அறைக்குள் பாய்ந்தார். டீஜே முதுகைக் காட்டியபடி வயர்களைச் சிக்கெடுத்துக் கொண்டிருந்தார்.

"கேட்காமலே புளுகறியா? எவன்கூடடா சேர்ந்துட்ட?"

டீஜே திரும்பவே இல்லை. என்ன நெஞ்சழுத்தம்! இடி அவரைப் பிடித்துத் திருப்பினார்.

திடுக்கிட்ட டீஜே, இடியின் உதடுகளையே உற்றுப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லு மச்சான். போன வருஷமே ரெண்டு காதும் போயிடுச்சு. சொன்னா நீ வேற ஆளைச் சேர்த்துக்குவியோன்னு பயந்துட்டேன்."

இடி பிடியை விட்டார். உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "அப்ப மேடையில எப்படிடா சமாளிச்ச?"

"உன் தோள் ஆடறதைப் பார்த்துத்தான்."

அன்று மேடையில் இடி, டீஜேவுக்குத் தன் உதடு தெரியும்படி திரும்பி நின்றே எல்லாப் பாட்டையும் பாடினார்.